நான்காம் மாடிக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண்

அனுப்புநர்:
பல்கலைக்கழகத்தின் மறுகுடியமர்வு ஆய்வுத் திட்டத்தில் சென்ற செவ்வாய்க்கிழமை வரை பகுதிநேர ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர்.
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
வீட்டு ஒதுக்கீட்டு அலுவலர்,
அகதிகள் மறுகுடியமர்வு அலுவலகம்.

பொருள்: நான்காம் மாடியில் வசிக்கும், கால்கள் இயங்காத ஒருவரின் குடும்பம் தரைத்தள வீட்டுக்கான காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டமை – நீக்கக் காரணமான ஆய்வறிக்கை பிழையானது – அந்தப் பிழையைச் செய்தவர்களில் நானும் ஒருவன் – மீண்டும் பட்டியலில் சேர்க்கக் கோருதல்.

பார்வை: அக்குடும்பத்துக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய நீக்கக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா (தங்கள் அறைக் கதவில் பதவி மட்டுமே எழுதியிருக்கிறது),

1. இந்த மனுவில் யாருடைய பெயரும் இல்லை. வீட்டு எண்ணும் இல்லை. இரண்டும் ஒட்டிய உறையில் தனியாக இருக்கின்றன. மனு எத்தனை மேசைகளில் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு சின்ன விஷயம் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தோன்றவில்லை. அது எப்படி என்று ஏழாவது பத்தியில் சொல்கிறேன்.

2. நான் பட்டதாரி அல்ல. அட்டவணை போடுவதையும் பேச்சை எழுத்தாக்குவதையும் காணொளி பார்த்தே கற்றேன். திட்டத்தின் தலைவரான பேராசிரியரின் உரைகள் நாற்பத்திரண்டையும் பார்த்தவன். அவற்றை ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டி, கீழே எழுத்து ஓடவிட்டு, அதற்கென்றே ஒரு பக்கம் நடத்தியவன். "அகதிக்குத் தேவை வீடல்ல, வேர்" என்று அவர் கையை உயர்த்தும் துண்டை மட்டும் லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். வாரம் பதினோரு மணி நேரம். கனவு நனவாகிவிட்டது என்று நிலைத்தகவல் போட்டேன். வேரை எந்த மாடியில் ஊன்றுவது என்று அவர் எந்த உரையிலும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

3. வேலை இதுதான்: ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மறுகுடியமர்ந்த குடும்பங்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். நாற்பது கேள்விகள். எல்லாம் "கடந்த முப்பது நாட்களில்" என்றே தொடங்கும். பதில் ஆம் அல்லது இல்லை. சிரமம் இல்லை, தகராறு இல்லை, அவமதிப்பு இல்லை என்று "இல்லை" கூடக் கூட மதிப்பெண் ஏறும். நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் அந்தக் குடும்பம் "முழுமையாக வேரூன்றியது". இதற்கு "வேரூன்றல் குறியீடு" என்று பெயர். பேராசிரியர் இதை உருவாக்க நான்கு ஆண்டுகள் ஆனதாம். ஒருமுறை படியேறிப் பார்த்திருந்தால் நான்கே நிமிடம் ஆகியிருக்கும்.

4. மேற்படி குடும்பத் தலைவர் தம் நாட்டில் பேருந்து ஓட்டியவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் "பஸ்காரர்". முதுகெலும்பில் அடிபட்டு இரண்டு கால்களும் இயங்காது. மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், அவர், மூவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் மாடியில் வீடு கொடுத்தார்கள். லிஃப்ட் கிடையாது. "ஆறு வாரத்துக்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மனைவியின் தம்பிகள் இருவர் உடனிருந்தவரை அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள், ஏற்றுவார்கள். அவர்களுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எட்டு மாதமாக அவர் வாசலைத் தாண்டவில்லை. முடநீக்கு சிகிச்சைக்கும் போகவில்லை. முதுகில் புண் தொடங்கியிருக்கிறது.

5. அந்த வீட்டில் கேள்வி கேட்டவன் நான். பதினேழாம் கேள்வி: கடந்த முப்பது நாட்களில் மாடிப்படி ஏறி இறங்குவதில் சிரமம் இருந்ததா?

அவர் சிரித்தார். "சிரமமா? ஒரு சிரமமும் இல்ல தம்பி. படி இருக்கிற பக்கமே நான் போறதில்லையே."

துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பாமலே சொன்னார்: "எழுதிக்கங்க தம்பி. ராஜா மாதிரி இருக்கார். அஞ்சு மாசமா கீழ இறங்குற வேலையே வைக்கல."

நான் "இல்லை"யைத் தொட்டேன். டேப்லெட் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. பேருந்து தாமதத்தால் பாதிப்பு உண்டா? இல்லை. பொது இடத்தில் யாரேனும் தரக்குறைவாகப் பேசினார்களா? இல்லை. அக்கம்பக்கத்தாரோடு தகராறு? இல்லை. கடைகளில் மொழிப் பிரச்சினை? இல்லை. "எந்தக் கடை?" என்று அவர் கேட்டார். அதைத் தட்ட அங்கே இடமில்லை. ஒரு மனிதனை அறைக்குள் போட்டுப் பூட்டினால் எங்கள் குறியீட்டில் அவன் வகுப்பிலேயே முதலாவதாக வருவான். நாற்பது கேள்வியையும் உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அவர்களில் மூவர் முனைவர்கள்.

6. எனக்கு உறைத்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில் "படியே இறங்கவில்லை, அதனால்தான் இல்லை என்கிறார்" என்று தட்டினேன். மறுநாள் அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளரை நாங்கள் எக்செல் அக்கா என்போம். அவரிடம் கேட்டேன்.

"டேய், ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா பூஜ்யம். நடுவுல உன் கதைய எந்தக் கட்டத்துல போடுறது?"

"அக்கா, அந்தாளால நடக்கவே முடியாது."

"அது இருபத்தஞ்சாம் பக்கத்துல வர்ற உடல்நிலைப் பகுதி. அது அடுத்த வருஷ ஆய்வு. இப்ப நமக்கு வேர்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பயம் காரணமல்ல. இவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர்கள் யோசித்துத்தான் செய்வார்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்து இப்போது எனக்கே என்மேல் இளக்காரமாக இருக்கிறது.

7. அக்குடும்பம் தொண்ணூற்றொரு மதிப்பெண் பெற்றது. முன்னூறு குடும்பங்களில் அதுதான் அதிகம். "முன்மாதிரிக் குடும்பம்" என்று சான்றிதழ் அச்சடித்து, அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு அழைத்தார்கள். மனைவியும் மகளும் வந்தார்கள். மேடைக்குக் கீழே பேராசிரியர் மகளிடம் குனிந்து, "அப்பா வரலியாம்மா?" என்றார். அவள், "அப்பாவால வர முடியாது சார்" என்றாள். "ஓ, வேலையா? நல்லது, நல்லது" என்று முதுகில் தட்டிவிட்டு மேடையேறினார். ஏறியதும் ஒலிவாங்கியில் சொன்னார்: "இந்தக் குடும்பத் தலைவர் இன்னிக்கு இங்க வரக்கூட நேரமில்லாம உழைச்சுக்கிட்டிருக்கார். இதுதான் வேர்!"

அரங்கம் கைதட்டியது. அந்த அம்மாள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்தார். நான் அப்போது அந்த உரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை பிறகு தங்கள் அலுவலகத்துக்கு வந்தது. "உங்கள் பதில்கள் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகாது" என்று ஒவ்வொரு வீட்டிலும் நான் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கியிருந்தேன். வாக்குத் தவறக்கூடாது என்று பெயர்களை எல்லாம் கவனமாக நீக்கினார்கள். வீட்டு எண்ணையும் மாடியையும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆளைத் தெரியாது, கதவு தெரியும். அறிவியல் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

8. மூன்று வாரத்தில் தங்கள் கடிதம் வந்தது. "தங்கள் குடும்பம் முழுமையாக வேரூன்றிவிட்டதாக ஆய்வில் தெரியவருவதால், தரைத்தள வீட்டுக்கான முன்னுரிமை தேவைப்படாது" என்று அதில் இருக்கிறது. மருத்துவர் கொடுத்த சான்று தங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதை யாரும் புரட்டவில்லை. கேட்கப் போனேன். தங்கள் முன்னறை எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யுனிவர்சிட்டியே பிரச்சினை இல்லைன்னு சொல்லுது. நீ யாருப்பா?"

"அந்த யுனிவர்சிட்டில இருந்துதான் வர்றேன். அதை டிக் பண்ணதே நான்தான்."

"அப்புறம் என்ன? நீயே சொல்லிட்டு நீயே வந்து நிக்கிற?"

இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான கேள்வி அது.

9. பேராசிரியரைப் பார்க்க ஒன்பது நாள் காத்திருந்தேன். அவர் அறையில் அறிக்கையின் அட்டைப்படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. கீழே தெருவில் நின்று, காருக்குப் பக்கத்திலிருந்து, அந்தக் கட்டடத்தை அண்ணாந்து எடுத்த படம். நான்காம் மாடி ஜன்னலில் சின்னதாக ஒரு தலை தெரிகிறது. அது யார் என்று அவரிடம் கேட்டேன். "யாரோ வேடிக்கை பார்க்கிறாங்க. அழகா விழுந்திருக்கு, இல்ல?" என்றார். பஸ்காரர் என்றேன். விவரம் முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மின்னஞ்சல் பார்த்தார்.

"தம்பி, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா புள்ளிவிவரத்துல அவர் ஒரு விலகின புள்ளி. ஒரு புள்ளிக்காக முன்னூறு வீட்டு ஆய்வைத் திருத்த முடியுமா? அடுத்த பதிப்புல ஒரு அடிக்குறிப்பு போடலாம்."

எட்டு மாதமாக ஒரே கட்டிலில் இருப்பவரை விலகிய புள்ளி என்கிறார். அடிக்குறிப்பில் ஒருவர் எவ்வளவு நாள் படுத்திருக்க முடியும் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

10. எனவே கீழ்க்கண்டவற்றைப் பணிவோடு முன்வைக்கிறேன். பதினேழாம் கேள்விக்கு நான் பதிவுசெய்த "இல்லை" பொய். அந்தப் பொய்க்குப் பொறுப்பேற்கிறேன். தனித்தாளில் அப்படியே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். பஸ்காரரும் அவர் மனைவியும் இம்மனுவைப் படித்து, தம்மைப் பற்றி எழுதச் சம்மதித்துக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அக்குடும்பத்தை நீக்கத்துக்கு முன்பிருந்த அதே வரிசை எண்ணில், அதாவது இரண்டாம் இடத்தில், மீண்டும் சேர்க்க வேண்டும். வரும் வியாழக்கிழமை மூன்று தரைத்தள வீடுகள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கடுத்து எப்போது என்று தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. இந்த முறை விட்டால் அந்தப் புண் அவருக்காகக் காத்திருக்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

11. நேற்றுத் தங்களிடமிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. நீக்கத்தை எதிர்த்து முறையிட விரும்பினால், குடும்பத் தலைவர் அதே வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டுமாம். வராவிட்டால் முறையீடு இல்லை என்று கொள்ளப்படுமாம். தங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அங்கும் லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்குகிறது. இதைத் தட்டச்சு செய்தவரைப் பேராசிரியருக்கு அறிமுகப்படுத்தினால் நன்றாக ஒத்துப்போவார்கள்.

அறிவிப்பைப் பஸ்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "வரச் சொல்லிட்டாங்கள்ல, போவோம்" என்றார். அவர் மனைவி, "எப்படிப் போவீங்க, பறந்தா?" என்றார். அவர் என்னைப் பார்த்தார்.

12. எனவே வருகிறோம். என்னோடு அதே ஆய்வில் வேறு வீடுகளில் "இல்லை" தட்டிய இரண்டு உதவியாளர்களும், கீழ்வீட்டுத் தச்சரும் வருகிறார்கள். நான்கு பேர், ஒரு நாற்காலி, இந்தக் கட்டடத்தில் எட்டு வரிசைப் படி, தங்கள் அலுவலகத்தில் நான்கு. இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஆள் சரியாக இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தாங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பஸ்காரர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: "ஒரு தடவை இறங்கிட்டா, அந்த நாலாம் மாடிக்கு என்னைத் திரும்பத் தூக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." நான்கு பேரும் சத்தியம் செய்திருக்கிறோம். அவர் மாற்று உடை, மருந்து, தலையணை எல்லாம் மடித்து வைத்தாகிவிட்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பிறகு அவர் இருப்பது ஒரு தரைத்தள வீட்டிலா, தங்கள் அறையிலா என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இணைப்பு: தனித்தாள் (உறையில்), மருத்துவச் சான்று நகல், நீக்கக் கடித நகல்.

நாள்: வெள்ளிக்கிழமை, விசாரணைக்கு ஆறு நாள் முன்பு
இடம்: மேற்படி வீடு, நான்காம் மாடி

(ஒப்பம்)
மனுதாரர்