மாவிலைச் சாறும் வெள்ளைத் தூளும்

முதலமடை,
ஏப்ரல் 19

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் சூடு தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மாமாவும் மாமியும் சுகம். போனில் பேசினால் பாதியில் யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்தூர் கல்லூரியில் நான் படிப்பதை 'இலை வேகவைக்கிற படிப்பு' என்பீர்களே, அது உண்மைதான். நம் தோட்டத்து மாவிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் துத்தநாக உப்பைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, உலையில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு கிடைக்கும். வழக்கமாக இதற்குக் கடுமையான ரசாயனங்கள் சேர்ப்பார்கள். அந்த வேலையை இலைச்சாறே செய்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமலும் பார்த்துக்கொள்கிறது.

மூன்று தடவை பழுப்பாகவே வந்தது. இலையின் கரி முழுதும் எரியவில்லை என்று புரிந்து சூட்டைக் கூட்டினேன். நாலாவது தடவை மாவு போல் வெள்ளை! அளந்து பார்த்ததில் ஒரு துகள் இருபத்தேழு நானோமீட்டர். அன்று பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் கூந்தலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு முடியின் குறுக்கே மூவாயிரம் துகள் நிற்குமாம்.

பழத்தை அழுகவைக்கும் பூஞ்சையை இந்தத் தூள் கொல்லும் என்று மாமாவிடம் சொன்னேன். மறுநாளே இரண்டு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஒரு பெட்டியைத் தூள் கலந்த தண்ணீரிலும் மற்றதை வெறும் தண்ணீரிலும் முக்கி எடுத்தோம். தினமும் டீ குடிக்கும் முன்பே போய்ப் பழங்களைத் திருப்பிப் பார்ப்பார். ஒன்பதாம் நாள் வெறும் தண்ணீர்ப் பெட்டியில் முப்பதுக்குப் பத்தொன்பதில் கரும்புள்ளி. தூள் பட்டதில் நாலே நாலு. ஒரு தடவை போதுமா என்று மாமி கேட்டதால் மறுபடியும் செய்தோம். அப்போதும் தூள் பட்டதில் ஏழில்தான் புள்ளி.

நான் துள்ளிக்கொண்டிருந்தேன். மாமா மட்டும் பழத்தைக் கையில் வைத்தபடி கேட்டார்: "ஏம்மா நஜ்மா, பூஞ்சைய இது கொல்லுது, சரி. தின்னா நம்ம வயித்துல என்ன பண்ணும்? கழுவுன தண்ணி தோட்டத்துல போனா மண்புழு என்னாகும்?"

 ஒரு பழத்தையும் வீணாக விடாத மனுஷர், அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று கல்லூரிக்கே அனுப்பிவைத்தார். மாமா கேட்டதையே என் கைடு ஆர்த்தி டீச்சரிடம் போய்க் கேட்டேன். "அதக் கண்டுபிடிக்க மூணு வருஷமாவது ஆகும். நீ இருப்பியா?" என்றார்.

மச்சான், நீங்கள் அனுப்பிய விசா திங்கட்கிழமை வந்தது. மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. நாம் குடியிருக்க நீங்கள் பார்த்துவைத்த வீட்டின் படத்தையும், அதில் எனக்கென்று ஜன்னலோரம் போட்ட நாற்காலியையும் தினம் எடுத்துப் பார்க்கிறேன். அங்கே வர எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

டீச்சருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை. ஒரு வாரம் லீவு கிடைத்தாலும் போதும், வந்து பாருங்கள். பார்த்துவிட்டு, என்னோடு வா என்றோ இங்கேயே இரு என்றோ நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும், என்மேல் கொஞ்சம் பொறுமையையும் அல்லாஹ் தரட்டும்.

உங்கள்
நஜ்மா