வே, கேசீன், என் இடுப்பு

மார்ச் 4, செவ்வாய்
வெட்டிப்போட்ட முடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட ஒரே முடிதிருத்துபவன் நானாகத்தான் இருப்பேன். அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு வாரம். இன்று பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு நாற்காலியைக் காட்டி, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். ஒன்றரை முறை எழுந்தேன். அரையை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐந்தும் வந்தால்தான் கடைக்குப் போகலாமாம்.

தொடையில் சதை கரைந்துவிட்டது, புரதம் வேண்டும் என்று உணவு ஆலோசகர் இரண்டு டப்பா புரதப் பொடி எழுதிக் கொடுத்தார். வே என்பது பயிற்சி முடிந்ததும் குடிக்க, சீக்கிரம் செரித்துவிடும். கேசீன் படுக்கப் போகுமுன். நின்று நிதானமாகச் செரிக்கும். இரண்டும் பாலிலிருந்து எடுப்பதுதானாம். வேகமானதற்கு உன் பெயரும் மெதுவானதற்கு என் பெயரும் வைக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

மார்ச் 9
மச்சினன் வந்தான். கடையில் பக்கத்து நாற்காலி அவனுடையது. என் இடத்துக்கு மாதக் கடைசிவரை வேறு ஆள் வைக்காமல் பார்த்துக்கொள்கிறானாம். அதற்கப்புறம்? நான் கேட்கவில்லை. உயரமான ஸ்டூல் போட்டுத் தருகிறேன், உட்கார்ந்தே வெட்டலாம் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷம் நின்னுக்கிட்டே வெட்டினவன் நான்.

மார்ச் 10
வெனிலா வாசனை தவிர, வே வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. கேசீனில் கரண்டி நிற்கிறது. எதில் சத்து இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இனி இரண்டு வேளையும் கெட்டியானதுதான். மற்றது சத்தமில்லாமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் போகிறது.

மார்ச் 17
இரண்டு முறைதான் எழ முடிந்தது. எடையும் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. பயிற்சிப் பெண் என் மனைவியைப் பார்த்தாள், மனைவி என்னைப் பார்த்தாள். மத்தியானம் பசியே இல்லை. தட்டை ஒதுக்கிவிட்டேன்.

மார்ச் 18
மனைவியிடம் மாட்டிக்கொண்டேன். தொட்டியில் வெனிலா வாசனையாம்.

திட்டுவாள் என்று பார்த்தால், பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தாள். திரிந்தது. துணியில் வடிகட்டி என் முன்னால் வைத்தாள். துணியில் நின்ற வெள்ளைக் கட்டி கேசீனாம். கீழே பாத்திரத்தில், லேசான பச்சை கலந்த தண்ணீர்.

"இதுலேருந்து எடுக்கிறதுதாங்க வே. சத்தில்லன்னு இதையா கீழ கொட்டினீங்க?"

காலையிலேயே ஆலோசகருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். கெட்டியானதையே குடித்து வயிற்றை அடைத்துக்கொண்டால் சாப்பாடு எங்கே இறங்கும்? சாப்பாடு இறங்காமல் சதை எங்கிருந்து வரும்? எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீங்க கடைக்குப் போகணும்னு உங்களவிட எனக்குத்தான் அவசரம். உங்கள வீட்டுல வச்சுச் சமாளிக்க முடியல."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பயந்துபோயிருக்கிறாள், பாவம். எனக்கும் பயம்தான். அதை அவளிடம் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லாமல் இருந்தேன்?

மார்ச் 19
பயிற்சி முடிந்து, மனைவி பார்க்க, வே. மத்தியானம் இரண்டாம் முறை சோறு கேட்டேன்.

மார்ச் 24
நான்கு.

மார்ச் 28
ஐந்து! கடைசி முறை தொடை வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் எழுந்தேன். பயிற்சிப் பெண் காகிதத்தில் குறித்துக்கொண்டு, "திங்கக்கிழமையிலேருந்து போங்க, முதல்ல அரை நாள்" என்றாள். வீடு வரும்வரை என் கால் தரையில் பாவவில்லை. மனைவி மட்டும் மெதுவா நடங்க, மெதுவா நடங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 31, திங்கள்
மூன்று பேருக்கு வெட்டினேன். நின்றபடியே. மூன்றாமவர் மாதம் ஒருமுறை வருகிறவர். நான் விழுந்தது அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன, ரொம்ப நாளா ஊர்லயே இல்லையா?" என்று கேட்டார்.

ஆமாம், இப்போதுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவர் தலையைக் கொஞ்சம் குனியவைத்து, பின்கழுத்தை வழித்துவிட்டேன்.