வலது கால் சாமியாருக்கு

தம்பி,

இன்று காலை கம்பம் டவுனில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். லேப்பில் இருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய்.

"ஊசி புதுசா? கவர என் கண்ணு முன்னால பிரி" என்றேன். சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்டினாள். "ஒங்களுக்கு நரம்பு நல்லா எடுப்பா இருக்குக்கா, தேடவே வேண்டியதில்ல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வயதான காலத்தில் ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

என்னை ஊரே சந்தேகப் பிராணி என்று சொல்லும். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நீ. திராட்சை ஷெட்டில் குலையைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே ஒளிந்திருக்கும் அழுகல் பழத்தைக் கத்தரிப்பதுதானே என் வேலை. "திராட்சையப் பாக்குற மாதிரியே ஆளையும் பாக்குறியேக்கா" என்று கேலி செய்வாய். அப்படிப் பார்க்காமல் வேறு எப்படிப் பார்ப்பது? வெளியே பளபளவென்று இருக்கிற குலையில்தான் உள்ளே ஈரம் இருக்கும்.

முதலில் உன் சட்டையைத்தான் சந்தேகப்பட்டேன். சந்தையில் வாழைத்தார் ஏற்றுகிற லோடுமேன் எவனாவது முழுக்கைச் சட்டை போடுவானா? தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் போடுவார்கள். கேட்டதற்கு, "வாழைக்கறை படுதுக்கா" என்றாய். அத்தனை வருடம் படாத கறை அந்த மாதம் முதல்தான் படத் தொடங்கியதாக்கும்! சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பேச்சு மட்டும் ஓயவில்லை. துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு நம் ஊர் மெடிக்கலுக்குப் போகாமல் பஸ் ஏறிப் பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் போனேன். நம் ஊரில் கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஊர் பூராவும் பேசும்.

மெடிக்கல்காரர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபரேசன் நேரத்துல பிரஷர் எறங்கிட்டா ஏத்துறதுக்குப் போடுற மருந்தும்மா இது. ஒங்க கைக்கு எப்பிடி வந்துச்சு?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு சந்தேகப் பிராணிக்கு அதைவிட அவமானம் உண்டா?

நீ மறைக்கவில்லை. "ஜிம்முல எல்லாப் பயலும் போடுறதுதான்க்கா. கெறக்கமே தெரியாது. ரெண்டு ஆளு லோட ஒத்த ஆளாத் தூக்கலாம்" என்றாய். அப்புறம் ஜன்னலில் யாரோ நிற்கிறார்கள் என்பாய், சந்தையில் எல்லோரும் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பாய். எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். உனக்கு அதை அந்த மருந்து கொடுத்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டு இருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது.

தேனியிலிருந்து வருகிற பாண்டி அண்ணனை அப்போதுதான் கண்டுபிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன் கையில் எதையோ கொடுத்துவிட்டு, உன்னிடமிருந்து ஒரு மூடிபோட்ட டப்பாவை வாங்கிப் பையில் வைத்தார். விற்கிறவன் இவன்தான் என்று முடிவு கட்டிச் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் பதறாமல் பையைத் திறந்து காட்டினார். கவர் பிரிக்காத ஊசிகள், பஞ்சு, பழைய ஊசிகள் போட்ட டப்பா, அவ்வளவுதான்.

"நான் மருந்து விக்கலக்கா. நானும் ஒரு காலத்துல போட்டவன்தான். ஒருத்தன் போட்ட ஊசிய இன்னொருத்தன் போட்டா நோவு ஒட்டிக்கிரும்ன்டுதான் எங்க சங்கத்துல பழச வாங்கிட்டுப் புதுசு குடுக்குறோம்."

"ஊசியக் கையில குடுத்துட்டு நல்லவரு மாதிரிப் பேசுறீகளே. குடுக்காம இருந்தா போட மாட்டான்ல?"

"குடுக்கலைன்டா பழசப் போடுவாப்ல. என்னைக்காவது ஒரு நாள் நிப்பாட்டுவாப்லக்கா. அன்னைக்குக் கை காலோட இருக்கணும்ல."

அந்தப் பதிலை நான் நம்பவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

அதற்குள் உன் கைகள் கெட்டிருந்தன. முழங்கை மடிப்பைத் தொட்டால் உள்ளே கயிறு ஓடுவது போல இறுகிக் கிடந்தது. திடீரென்று ஒரு நாள் அரைக்கைச் சட்டைக்கு மாறினாய். விட்டுவிட்டான் என்று அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். நான் உன் காலைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டிருந்தாய்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய வாரம் அது. பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, பங்குச் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் நம் தெருவுக்கு ஓர் இடம் உண்டு. அந்த வருடம் நம் வீட்டு முறை. அப்பா இல்லாததால் உபதேசியார் உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். மாட்டேன் என்று ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாய். அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

பெரிய வியாழன் அன்று எல்லோரும் செருப்பை வாசலில் விட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நம் கோயிலில் வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள். உன் வலது கால் துடைத்து வைத்தது போல ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இடது காலில் சாக்ஸ் அப்படியே இருந்தது. "சுளுக்குக்குக் கட்டுப் போட்டிருக்கேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். சாமியார் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, குனிந்து முத்தமிட்டபோது நீ தேம்பி அழுதாய். ஊர் உன் பக்தியை மெச்சியது. நான் உன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கணுக்காலுக்கு மேலே பிதுங்கி, மஞ்சளாக நனைந்திருந்தது.

மறுநாள் காலையில் நான்தான் அதைக் கழற்றினேன். பாதத்தின் மேல் கறுத்த குழி, அதிலிருந்து கெண்டைக்கால் வரை சிவப்பாக ஒரு கோடு. "ஆஸ்பத்திரி வேணாம்க்கா, போலீசுக்குச் சொல்லிருவாக" என்றாய். "ஏலே, போலீசு வந்தா நான் பேசிக்கிறேன். நீ எந்திரி" என்று இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனேன்.

அங்கே யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. குளுக்கோஸ் ஏற்ற நரம்புதான் கிடைக்கவில்லை. நர்சம்மா இரண்டு கைகளிலும் தட்டித் தட்டித் தேடினார். கடைசியில் உன் வலது பாதத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, "இங்கன ஒண்ணு நல்லா இருக்கே" என்றார். மருந்து அதில் ஏறியது. விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறியிருந்தது. ஈஸ்டர் மணி அடித்தபோது நீ இல்லை.

துக்கம் கேட்க வந்த பாண்டி அண்ணன் வாசல்படி தாண்டி வரவில்லை. அங்கே நின்றபடியே சொன்னார்.

"காலு வேணாம், காலுல போட்டா புண்ணு ஆறாதுன்டு எத்தனையோ தடவ சொன்னேன்க்கா. ஒரே எடத்துல குத்திக் குத்தி அந்த நரம்பே செத்துப் போச்சு. கேக்கல. 'இந்த நாப்பது நாளும் இடது காலுதாண்ணே. வலது காலு சாமியாருக்கு. அதுல அவுக வாய் படணும்'ன்டாப்ல."

கோபம்தான் வந்தது, தம்பி. ஒரு காலைக் கோயிலுக்கு என்று பொத்தி வைத்து, இன்னொன்றைச் சாகக் கொடுத்தாயே. அந்தப் புண்ணைச் சாமியாரிடம் காட்டியிருந்தால்தான் என்ன? முகம் சுளித்திருப்பாரோ? தெரியாமலே போய்விட்டது.

பாண்டி அண்ணன் இப்போது நம் தெருவுக்கும் வருகிறார். பையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் டீ கொடுக்கிறேன். அவருக்கும் பழகிவிட்டது, கேட்கும் முன்பே திறந்துவிடுகிறார். சந்தையில் முழுக்கைச் சட்டை போட்ட பையன்களைக் கண்டால் அவரிடம் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்வதில்லை. என் சந்தேகம் எங்கேயும் போகவில்லை, அதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். "இந்த வருசம் பொம்பளைகளும் உக்காரலாம்ன்டு சாமியார் சொல்லிட்டாக. ஒங்க வீட்டு முறைக்கு நீ வா ஆத்தா" என்றார். சரி என்றேன். பஞ்சை ஒட்டிய கையை மடக்கி வைத்தபடியே, எந்தக் கால் என்று கேட்டேன். "வலதுதான், அது தெரியாதா ஒனக்கு?" என்று சிரித்தார்.

தெரியும். வியாழக்கிழமை சாமியார் குனியும்போது நான் இடது காலை நீட்டுவேன். அது இல்லை என்று பூசைக்கு உதவி செய்கிற கோயில்பிள்ளை சைகை காட்டுவார். ஊர் பார்க்கும். நான் இழுத்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா