உங்கம்மா மாத்திரையை மறக்கவில்லை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதித்தான் என் கை பழகியிருக்கிறது. ஆறு வருஷமாக அப்படித்தான் எழுதினேன், இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பாய். நம்முடையது ஒற்றை அறை, உங்கம்மா கட்டிலில் படுத்திருக்கிறாள், எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழும், விழுந்தால் போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சலூன் நாற்காலியில் நானே உட்கார்ந்து பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன், எதிரே கண்ணாடியில் என் மூஞ்சியே தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. எழுத இப்போது நேரம் நிறைய இருக்கிறது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று, இப்போது பக்கத்தில் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வாசலுக்கு மட்டும் புது வண்ணம் அடித்துவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, உங்கம்மா போட்டுப் பார்த்தாள், தோளில் நிற்கவில்லை, கைக்குள் இன்னொரு கை போகும் போல இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எடை முப்பத்தாறு கிலோ. காய்ச்சல் விட்டிருக்கிறது, இருமல் விடவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும், போனில் சொன்னோம். சொல்லாதது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீ போனில் அம்மாவைத் திட்டினாயே, அது நான் கூடவே இருக்கும்போதுதான் நடந்தது. எச்.ஐ.வி. மாத்திரையை இலவசமாகக் கொடுத்தும் ஒழுங்காகப் போடாமல், மிச்சத்தைக் குப்பையில் வேறு கொட்டியிருக்கிறாயே, ரத்தத்தில் கிருமி இந்த அளவுக்கு ஏறியிருக்கிறதே, உனக்கு வாழவே ஆசையில்லையா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாய். அவள் போனைக் காதில் வைத்தபடி, ஆமாடி, மறந்துட்டேன், வயசாயிடுச்சில்ல என்று சொன்னாள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மகளே, உங்கம்மா ஒரு நாள்கூட மறக்கவில்லை. ஒரு மாத்திரையைக்கூடக் குப்பையில் போடவில்லை. பாதியை நான் தின்றேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இடையில் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் படி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வியாதி வீட்டுக்குள் வந்ததே என்னால்தான், வெளியூரில் பெரிய சலூனில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் நான் ஆடிய ஆட்டத்தின் பலன். அதை உனக்கு அப்போதே சொல்லிவிட்டேன், நீயும் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை, அது நியாயம். ஆனால் ஒன்றை அப்போது நான் சொல்லவில்லை. அரசாங்க மாத்திரை மையத்தில் என் பேரை நான் பதியவே இல்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரி வாட்ச்மேன், ரத்தம் எடுக்கிறவர், சீட்டு எழுதுகிறவர் எல்லாரும் என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள். ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு மாற்றுகிறவன் நான், உனக்குத் தெரியும். ஆனால் முடிவெட்டுகிறவனுக்கே இது இருக்கிறது என்று தெரிந்தால் எவன் என் கத்திக்குக் கழுத்தைக் கொடுப்பான். அதனால் உங்கம்மா மட்டும் மூன்று மணி நேர பஸ்ஸில் இன்னொரு ஊர் மையத்துக்குப் போனாள். அடுத்த மாசம் நானும் வர்றேன் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னேன்.

நீயும் சும்மா இருக்கவில்லை. ஓசியில் தருவது தரமாக இருக்காது, நல்ல தனியார் டாக்டரிடம் போங்கள் என்று பணம் அனுப்பினாய். எனக்கு இது போதும், உங்கப்பா போகட்டும், அங்க யாரும் பாக்க மாட்டாங்க என்று உங்கம்மா என்னை அனுப்பினாள். நாங்கள் ஏசி டாக்டர் என்று பேர் வைத்திருந்தோமே, அவரிடம்தான். வெள்ளை சோபா, மீன் தொட்டி, செண்டு வாசனை. நாலு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு தடவை என் நாக்கை நீட்டச் சொன்னதில்லை, நாடியைத் தொட்டதில்லை. மாத்திரை டப்பாவை அவரே மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார், நாங்கள் வெளியில் எங்கேயும் வாங்கிவிடக்கூடாது என்று அதன் மேல் ஒட்டிய சீட்டைச் சுரண்டி வைத்திருப்பார். பிளேடு பிடிக்கத் தெரியாத கை சுரண்டியது என்று எனக்குப் பார்த்ததுமே தெரியும். ஒரு நாள் உங்கம்மா அவள் மாத்திரையையும் என் மாத்திரையையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம், அதே நீளம், மேலே குத்தியிருந்த அதே எழுத்து. அவளுக்குச் சும்மா கொடுத்ததைத்தான் எனக்கு அந்த விலைக்கு விற்றிருக்கிறார். தரம் தரம் என்று நாம் அலைந்த தரம் அதுதான். அன்றைக்கே நான் அந்த வாசலை விட்டு மையத்து வாசலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மானம் போய்விடுமாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வேலை செய்த இடத்தை மூடிவிட்டார்களே, அப்போது ஏசி டாக்டரும் கட்டணத்தை ஏற்றினார். நான் நிறுத்திவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று பூசி மெழுகினேன். நாலே மாதத்தில் வாயெல்லாம் புண், ஒருவருக்கு முடி வெட்டி முடிப்பதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. அப்போதுதான் உங்கம்மா, ரெண்டும் ஒரே மாத்திரைதானே, பாதிப் பாதியா போட்டுக்கலாம் என்றாள். நீ எங்களோடு வளர்ந்தவள், எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும். ஒரு டீ வாங்கினால் இரண்டு டம்ளர். ஒரு போர்வை, ஒரு சோப்பு, ஒரு குடை. இந்த வீட்டுக்குள் வந்த எதையும் நாங்கள் இரண்டாகப் பிரித்தே பழகியவர்கள், மாத்திரையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். பாதி போட்டால் பாதியாவது கேட்கும் என்று நினைத்தோம். பவுடர் டப்பாவில் கொட்டி வைத்து, ஒற்றைப்படைத் தேதி அவளுக்கு, இரட்டைப்படைத் தேதி எனக்கு என்று நாள்காட்டியைப் பார்த்துப் போட்டோம். முப்பத்தொன்றாம் தேதியும் அடுத்த ஒன்றாம் தேதியும் அடுத்தடுத்து ஒற்றைப்படை வருமல்லவா, அதில் முப்பத்தொன்றை அவள் எனக்கே விட்டுக்கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் என் கையை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அரைகுறையாகப் போட்டால் கிருமி செத்துவிடாது, மருந்தைப் பழகிக்கொள்ளும், அப்புறம் அந்த மருந்தே கேட்காது என்று இப்போது சொல்கிறார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் நாங்கள் அதற்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறோம். மையத்தில் ஒவ்வொரு மாதமும் டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள், காலியாக இருக்கும், சரியாகப் போடுகிறாள் என்று எழுதிக்கொள்வார்கள். ரத்தப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டதும், டப்பா காலியா இருக்கே, கிருமி ஏன் ஏறுச்சு என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் மறந்ததைக் குப்பையில் கொட்டினேன் என்று புளுகியிருக்கிறாள். அங்கேயும் எல்லார் எதிரிலும் திட்டு, உன்னிடமும் திட்டு.

போன வாரம் அவளால் தனியாக பஸ்ஸில் உட்கார முடியாது என்பதால் முதல் தடவையாக நானும் கூடப் போனேன். நம் கடைக்கு இரண்டு கடை தள்ளித் தையல்காரர் இருக்கிறாரே, உன் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர், அவரும் அதே பஸ்ஸில் இருந்தார். துணி எடுக்கப் போறேன் என்றார், நான் சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப் போனார். நாங்கள் போய் வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் நாலாவது ஆளாக அவர் நிற்கிறார், காகித உறையால் மூஞ்சியை மறைத்துக்கொண்டு. ஐந்து வருஷமாக வருகிறாராம், ஒவ்வொரு தடவையும் முன் நிறுத்தத்தில் இறங்கி நடப்பாராம். உங்க கத்தி காதுப் பக்கம் வரும்போதெல்லாம் ரத்தம் வந்துடுமோ, நீங்க என்னன்னு கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு உயிரைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன் என்றார். நானும் அதே பயத்தில்தான் கத்தி பிடித்தேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம், அதற்குப் பெயர் சிரிப்பு இல்லை. இன்னொன்று கேள், நம் ஊரிலேயே கடையிலிருந்து பத்து நிமிஷ நடையில் இதே மாத்திரை மையம் இருக்கத்தான் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அதில் நுழையாமல் அந்த ஊருக்குப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் அங்கே நுழையாமல் நம் ஊருக்கு வருகிறார்கள். பஸ்காரன்தான் பிழைக்கிறான்.

ஆலோசனை சொல்கிற பெண் உன் வயசுதான் இருக்கும். உங்கம்மா மெலிந்த மெலிவைப் பார்த்துக் கோபத்தில், உங்க உயிரை நீங்களே குப்பையில போட்டுட்டீங்களேம்மா என்று ஆரம்பித்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவ குப்பையில போடலம்மா, நான்தான் தின்னேன், நான் அவ புருஷன் என்று எழுந்து நின்று சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தது, கோப்பைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆச்சுன்னு இதுல எழுதியிருக்கே என்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், நாள்காட்டி வரைக்கும். திட்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு, ஏன்மா, இவரைக் கூட்டிட்டு வந்திருந்தா இவருக்கும் தனி டப்பா கொடுத்திருப்போமே, ரெண்டு பேருக்கும்தான் இருக்கே என்றது. பின்னால் அலமாரியைக் காட்டியது. வரிசை வரிசையாக டப்பா, மகளே. எனக்கான டப்பா ஆறு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது, நான் வீட்டில் உட்கார்ந்து உங்கம்மாவின் டப்பாவில் கை விட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன்டி என்னை உயிரோடு கொன்னே என்று. செத்தவரைக் கூட்டிட்டு வான்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல, உங்க மானம் உங்ககிட்டயே இருக்கட்டும்னுதான் என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலையில் கனமே இல்லை.

இப்போது நிலவரம் இதுதான். அவளுக்கு வேறு மருந்து வேண்டும், அது பெரிய ஆஸ்பத்திரியில்தான், அங்கே டாக்டர்கள் மாதம் ஒரு தடவை கூடி யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். அவர்கள் கொடுத்தால் அதுவும் இலவசம், வெளியில் வாங்குவது நம் பரம்பரைக்கே கட்டுப்படியாகாது. வருகிற வியாழக்கிழமை அவள் கோப்பு போகிறது. கிடைக்கும் என்றுதான் அந்தப் பெண் சொல்கிறது, அதுவரை உடம்பு தாங்க வேண்டும், தாங்கினாலும் மருந்து பிடிக்குமா என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஏசி டாக்டரிடம் திரும்பப் போங்கள் என்று தயவுசெய்து பணம் அனுப்பாதே. ஓசி என்றால் மட்டம் என்று நீ சொன்னதும் ஒரு காரணம் என்று வாய் வரைக்கும் வருகிறது, முழுங்கிக்கொள்கிறேன், நீ உழைத்து அனுப்பியவள், நான் ஒளிந்துகொண்டவன்.

திங்கட்கிழமை காலையில் நம் ஊர் மையத்துக்கே போனேன். வாட்ச்மேன், யாரைப் பாக்க வந்தீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யாரையும் இல்ல, எனக்கு எச்.ஐ.வி. மாத்திரை வாங்க என்று அவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். என் சொந்தப் பேரைச் சொல்லிப் பதிந்தேன். எனக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், பழைய மருந்து எனக்காவது கேட்குமா என்று இனிதான் தெரியும். புதன்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, அதனால்தான் இப்போது எழுத நேரம் இருக்கிறது. நேற்று ஒரே ஒருவர் வந்தார், தையல்காரர். நாற்காலியில் சாய்ந்து, இன்னைக்கு வழவழன்னு இருக்கணும் என்று கழுத்தை நீட்டினார். நான் புது பிளேடை மாற்றி ஆரம்பித்தேன்.

உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லை, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமைக்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போடு. இந்தக் கடிதம் வந்ததாகச் சொல்லாதே. மாத்திரை போட்டாயா என்று முதல் கேள்வி கேட்காதே, அவளுக்கு அந்தக் கேள்வி வந்தாலே பொய் சொல்லிப் பழகிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேள், அன்றைக்குக் கோபத்தில் பேசிட்டேன்மா என்று ஒரு வார்த்தை சொல். வாழ ஆசை இல்லையா என்று நீ கேட்டதை அவள் இன்னும் சுவரைப் பார்த்துப் படுத்தபடி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயந்து முகம் மறைக்காமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கு. வியாழக்கிழமையை மறக்காதே.

அந்தப் பெண் கோப்பில் நான் செத்துப்போன வரியை அடித்துவிட்டு, மேலே என்னையே கையெழுத்துப் போடச் சொன்னது. அதையே இங்கேயும் போடுகிறேன்.

உயிரோடு இருக்கிற,
உன் அப்பா.