ஆள் உட்கார்ந்த பிறகு செயின்

ஜனவரி 7, புதன்

பனி. கூரை சொட்டுகிறது, முருங்கை சொட்டுகிறது, கொடியில் போட்ட புடவை நேற்றைவிட ஈரம். செங்கல்பட்டு பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது வரும்வரை எழுதுகிறேன்.

வண்டி வந்துவிட்டது. மாமல்லபுரத்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்த குட்டி பைக். ஏதோ விடுதியில் பிள்ளைகள் சவாரிக்கு வைத்திருந்ததாம். என் இடுப்பு உயரம்கூட இல்லை. சக்கரம் குட்டை, டயர் தடி. கியர் கிடையாது, காலுக்கு வேலையே கிடையாது. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட், படகு இன்ஜின் மாதிரி. அதற்காகத்தான் எடுத்தேன்.

லோடு ஆட்டோவிலிருந்து இறக்கும்போது என் வீட்டுக்காரர் தேசிங்கு கட்டிலில் இருந்தபடியே பார்த்தார்.

"இன்னாது இது? சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அதுவா?"

"கரடிக்குத்தான் வாங்கினு வந்தேன்."

சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பல மாதம் ஆகிறது. ஆடியில் படகைக் கரை ஏற்றும்போது அலை தூக்கி, படகு அவர் வலது காலில் இறங்கியது. கணுக்காலில் தகடு வைத்திருக்கிறது. சிமெண்டுத் தெருவில் கோல் ஊன்றி நடக்கிறார். மணலில் ஊன்றினால் கோல் உள்ளே போகிறது, கூடவே அவரும் போகிறார். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது மணல் மட்டும்தான்.

படகில் அவருக்குக் கூட்டாளி ஏழுமலை. முந்தாநாள் வந்து சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மீன் ஏலம் கூறுற பெருசு ஊரப்பாக்கத்துக்கு மவ வூட்டோட போவுது. உன் தொண்டை எவனுக்கு வரும் அண்ணாத்த? பொங்கல் முடிஞ்சி மொத நாளு நீ வந்து நில்லு. ஆனா கரையில நிக்கணும். வூட்லேர்ந்து கூவ முடியாது. நாங்க தூக்கினு போறோம்."

"நான் இன்னா பொணமா, நாலு பேரு தூக்க?"

அதோடு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்றைக்கு அவர் போய் நிற்காவிட்டால் ஊரில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போட்டால் போட்டதுதான். அப்புறம் இவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிழவனாக வேண்டியதுதான். அதை என்னால் பார்க்க முடியாது.

பஸ்.

ஜனவரி 8, வியாழன்

நேற்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். தெருவில் பறக்கிறது. மணலில் இறங்கியதும் இன்ஜின் மட்டும் கத்துகிறது, சக்கரம் சும்மா நிற்கிறது. கிளட்ச் கருகிய நாற்றம். எனக்கே இந்தக் கதி என்றால் அவர் ஏறினால் என்ன ஆகும்?

செங்கல்பட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்பவள் நான். எந்த வண்டிக்கு எந்தச் செயின் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விற்றதோடு சரி, ஒன்றைக்கூட என் கையால் கழற்றியதில்லை. ஆனாலும் கணக்கு தெரியும். பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டால் வேகம் குறையும், இழுவை கூடும். மணலுக்கு இழுவைதான் வேண்டும். பழைய சரக்கில் தேடி ஒரு மொபெட் பல்சக்கரம் எடுத்தேன். ஓட்டை பொருந்தவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் லேத் பட்டறை.

"யாரு வண்டிக்குக்கா?"

"என் வண்டிக்கு."

"யாரு மாட்டப் போறாங்க?"

"நான்தான்."

பட்டறைக்காரன் என்னைப் பார்த்தான், பல்சக்கரத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். ஓட்டை மட்டும் சுத்தமாகப் போட்டுத் தந்தான். அது போதும்.

வாங்க வேண்டியது: செயின் லாக். பழைய துணி. அத்தைக்கு வெற்றிலை. செயின் கட்டர் கடையில் இரவல்.

ஜனவரி 11, ஞாயிறு

லீவு. நல்ல வெயில். காலையிலிருந்து முருங்கை நிழலில் வண்டியோடு மல்லுக்கட்டு.

பல்சக்கரம் பெரிதானதால் செயின் எட்டவில்லை. மொபெட் செயினில் ஒரு துண்டு வெட்டி, லாக் போட்டு இணைத்தேன். நகம் இரண்டு போச்சு. பெருமையாக எண்ணெய் வேறு ஊற்றினேன். ஒரே சுற்றில் கடற்கரை மணல் மொத்தமும் செயினில். ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம். அத்தை, அதான் என் மாமியார், மீன் காயவைத்துக்கொண்டே பார்த்திருந்தார்.

"தலைக்கு வெக்கிறாப்ல எண்ண வச்சியே, மண்ணு வுடுமா? வயக்காட்டுப் பொண்ணுன்றது சரியாத்தான் கீது."

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தேன். அதன் பிறகு மணலில் இறக்கினேன். போயிற்று! சவுக்குத் தோப்புவரை போய்த் திரும்பி வந்தேன். கத்திவிட்டேன். தோப்பில் இருந்த காக்கை எல்லாம் எழும்பிப் பறந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் எடைக்கு ஓடுமா என்று பார்க்க உப்பு மூட்டையையும் தண்ணீர்க் கேனையும் சீட்டில் கட்டி, பக்கத்தில் நடந்தபடியே ஆக்சிலேட்டரைத் திருகினேன். செயின் விறைத்தது. ஒரு இழுப்பு. டப். லாக் பறந்து மணலுக்குள் போனது. மூட்டை கிழிந்து உப்பும் மண்ணும் ஒன்றானது. அத்தை வாயில் வந்த வசவை இங்கே எழுத முடியாது.

உள்ளேயிருந்து ஒரு இருமல். அவ்வளவுதான் வந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

புரிந்துவிட்டது! கடை வாசலில் ஒரு குடும்பம் பைக்கில் ஏறியது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு கரும்புக் கட்டு. ஏறுமுன் தொங்கிக்கொண்டிருந்த செயின், எல்லோரும் ஏறியதும் நேராகிவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன். முதலாளி "என்னம்மா, தெரிஞ்சவங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து சீட்டை அமுக்கிப் பார்த்தேன். அதேதான். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது, செயின் இறுகுகிறது. நான் வெறும் வண்டியில் அளவு வைத்துவிட்டு ஜம்பமாகத் திரிந்திருக்கிறேன். ஆள் உட்கார்ந்த பிறகுதான் தொய்வு பார்க்க வேண்டும். அதுவும் ஓட்டப் போகிற ஆள். ஏழுமலை ஏறி உட்கார்ந்து காட்டினான், அவன் தீக்குச்சி, வண்டிக்கு ஆள் ஏறியதே தெரியவில்லை.

ஆகவே கட்டிலிடம் போனேன்.

"அஞ்சு நிமிஷம் ஏறி ஒக்காரு. செயினுக்கு அளவு வெக்கணும்."

"தெருவே பாக்குது."

"பாக்கட்டும்."

"பாக்கட்டுமா? நாலு பேரு இழுக்கிற வலைய ஒத்த ஆளா இழுத்தவன்டி நானு. புள்ளைங்க வண்டில ஒக்காந்து வேடிக்க காட்டணுமா?"

"ஒக்கார வோணா. செவுத்தையே பாத்துகினு கெட."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. இல்லை, இருக்கிறது. நிறைய இருக்கிறது.

ஜனவரி 14, போகி

ஊரெல்லாம் புகை. பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. கடையில் கூட்டம், நிற்க நேரமில்லை. வாங்கியது: மஞ்சள் கொத்து, கரும்பு, செயின் லாக் நான்கு.

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அத்தை மட்டும் அடுப்படியில் மெதுவாக, "அந்தக் கரடி வண்டி எப்ப ஓடும்னு கேட்டான்" என்றார். பொய்யாக இருக்கும். இருந்தாலும் நல்ல பொய்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

காலையில் அண்ணன் போன். வேடந்தாங்கல் பக்கம் எங்கள் வீட்டில் மாடெல்லாம் குளித்து, கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு நிற்கிறதாம். இங்கே மாடு இல்லை. நான் அதைச் சொல்லிக் குறைப்பட்டது அத்தை காதில் விழுந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் குட்டி பைக்குக்கு மஞ்சள், குங்குமம், சீட்டைச் சுற்றிச் சாமந்தி மாலை. மாலை நீளம், வால் ஒன்று பின்னால் தொங்கியது.

"நம்ம வூட்லயும் ஒரு வாயில்லாத சீவன் கீது. அதுக்குப் பொங்கல் வோணாவா?"

"மாலைய எடுத்துட்டு ஓட்றேன் அத்த."

"ஐய, மாட்டையே மாலையோடதான் ஓட்டுவாங்க. ஒரு சுத்து போய்ட்டு வா."

செயின் விற்கிறவளுக்கு அங்கே புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நல்ல நாள், சாமி காரியம், கிளம்பிவிட்டேன். வீட்டு முன்னால் திரும்பும்போது அந்த வாலைப் பல்சக்கரம் கவ்வியது. மாலை மொத்தமும் உள்ளே போனது. பூ நாலாபக்கமும் பறந்தது, செயின் இறங்கியது, சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. காயும் கருவாட்டுக்குப் பக்கத்தில் மணலில் குப்புற.

அத்தை "ஐயோ" என்றார். அதற்கு மேலே ஒரு சத்தம். வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். சிரிப்பு. இருமல் வரும்வரை சிரிப்பு.

"கரடி வுழுந்துட்ச்சி!"

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அவரைத் திட்டினேன். சந்தோஷமாகத் திட்டினேன்.

மாலை கட்டிய வாழைநார் பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இறுகச் சுற்றியிருந்தது. கத்தி எடுத்தேன்.

"அறுக்காத. வண்டிய இங்க தள்ளினு வா."

வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். விரலால் நார் முனையைத் தேடி, சக்கரத்தைப் பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, முடிச்சு முடிச்சாக எடுத்தார். நண்டு சிக்கிய வலையை இப்படித்தான் எடுப்பார், கண் வேறு எங்கோ இருக்கும், விரல் மட்டும் போகும். கடைசி நார் வந்ததும் செயினைத் தானே பல்லில் ஏற்றி, அழுத்திப் பார்த்தார்.

"இன்னா இவ்ளோ லூசா கீது?"

"நீ ஒக்காந்தா இறுகும். நீ ஒக்காராம எவ்ளோ வுடணும்னு எனக்குத் தெரியாது."

அவர் கட்டிலுக்குப் போகவில்லை. வெகுநேரம் படியிலேயே இருந்தார்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மெட்ராஸ் எல்லாம் மாமல்லபுரத்தில்தான். எங்கள் தெரு காலி. அத்தைகூட வறுத்த மீன் விற்கப் போய்விட்டார்.

"தெருவுல யாருனா கீறாங்களா?"

"ஒரு நாய்தான்."

"அது பரவால்ல."

வந்து உட்கார்ந்தார். வலது காலை நான் தூக்கிப் பலகையில் வைத்தேன். அதற்கென்று அகலமாக ஒரு பலகை கட்டியிருந்தேன். புடவையைச் சொருகிக்கொண்டு மணலில் படுத்தேன். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகினேன். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணும்.

"ஆடாத யா."

"ஆடல, மூச்சு வுடறேன்."

"மூச்சு வுடாத."

"நீ செயின் மாட்றியா, உயிர எடுக்கிறியா?"

விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு விரல் தடிமனுக்கு மேலும் கீழும் போனது. கொஞ்சம் விட்டேன். மறுபடி பார்த்தேன். சரி என்றேன். நட்டை முடுக்கி எழுவதற்குள் அவர் கயிற்றை இழுத்துவிட்டார். என் முகத்தில் மணலை வாரி இறைத்துவிட்டு வண்டி கிளம்பியது. மெதுவாக, நிற்காமல், சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஈர மணல்வரை. அங்கே நிறுத்தினார். கடலைப் பார்த்தபடி வண்டியிலேயே இருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

நான் கிட்டே போகவில்லை. நெஞ்சு நிறைந்துபோனது. வேறு வார்த்தை தேடவில்லை.

ஜனவரி 19, திங்கள்

காற்று இல்லை. படகெல்லாம் போய் வந்துவிட்டன. கடைக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றேன்.

"நீ வராத. பொண்டாட்டிய தொணைக்குக் கூட்டினு வந்தான்னு பேசுவானுங்க." சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை எரிகிற அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது கேட்டது.

"வஞ்சிரம் கூடை! கேளு, கேளு, கேளு! இன்னா எல்லாரும் கல்லு மாறி நிக்கிறீங்க? ஒரு தரம்!"

மணலைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, வீட்டுக்குள்ளே வந்தது அந்தக் குரல். அத்தை எழுந்து வந்து என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அழுதோம், ஆமாம்.

ஏலம் முடிந்தது. கூடைக்காரிகள் போனார்கள். வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. ஏழுமலை மட்டும் வந்தான்.

"தோப்பாண்ட செயின் கழண்டுகிச்சி அண்ணி. தள்றோம்னோம். போங்கடானு தொரத்திட்டாரு. மண்ல ஒக்காந்து அவரே மாட்டினு கீறாரு."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தார். "இரு. அவன் வருவான்."

வந்தார். முழங்கைவரை கருப்பு. சட்டையில், நெற்றியில், காதில் கருப்பு. முன்னால் ஒரு மீன் கூடை, நம் பங்கு. தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வீட்டு வாசலில் நிறுத்தினார். கோலை நீட்டினேன், வாங்கவில்லை, இறங்கவும் இல்லை.

"என்ன வச்சி அளவு பாத்த. மீன வச்சிப் பாத்தியா?"

"இல்ல."

"நாளைக்கும் கூடை வரும். கூடையும் கீது, நானும் கீறேன். ஸ்பேனர எடுத்துகினு வந்து படு."

"தெருவே பாக்குது" என்றேன்.

"பாக்கட்டும்."

படுத்தேன்.