உன் அம்மா சொல்ல வேண்டாம் என்றது

திருமழபாடி,
ஐப்பசி 12.

வைத்தியநாதப் பெருமான் திருவருள் துணை.

அன்பு மகன் அறிவரசனுக்கு உன் தந்தை எழுதுவது. மஸ்கட்டில் நீ உடல் நலத்தோடும் மன அமைதியோடும் இருக்க அம்மையப்பனை வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம் என்னும் வரியை இம்முறை என்னால் எழுத இயலவில்லை. உன் அம்மாவுக்கு வயிற்றுப்புண் என்றே உன்னிடம் சொல்லிவந்தோம். அது புண் அன்று, புற்று. கல்லீரல் வரை பரவிவிட்டது. தொலைபேசியில் சொல்ல வழியில்லை. கைப்பேசி எப்போதும் அவள் தலைமாட்டில் இருக்கிறது, வெளியே எடுத்துப் போனால் என்ன ரகசியம் என்பாள். ஆகவே விடுப்பு முடிந்து அங்கே திரும்பும் சிங்காரவேலுவிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசி அனுப்பிவிட்டார்கள். பிறகு நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அழைத்துச் சென்றேன். அங்கிருக்கும் மருத்துவர் சுவாதி வயதில் சிறியவர். அவர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க, ஐயா நீங்க கொஞ்சம் இருங்க, அம்மா சொல்லட்டும் என்றார். அதற்கு உன் அம்மா, வூட்டுலயே இருந்துக்கிறேன் தாயி, குழாய் கிழாய் சொருவ வேணாம், எம்மவனுக்கு மட்டும் தெரிய வேணாம், கேட்டான்னா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவான் என்றாள். அம்மூன்றையும் அவர் ஏற்றுக்கொண்டார். அன்று முதல் பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண்ணான செவிலியர் வெற்றிச்செல்வி வாரந்தோறும் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து, தரையில் அமர்ந்து, படுத்துப் படுத்து வந்த முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்திடுகிறார். வலி பத்துக்கு எத்தனை என்று முதல்நாள் கேட்டதற்கு, நான் என்ன பரீட்சையா எழுதுறேன் மார்க்குப் போட என்றாள் உன் அம்மா. அப்ப நீங்க எதுல அளப்பீங்களோ அதுலயே சொல்லுங்கம்மா என்றது அந்தப் பெண். அதிலிருந்து நெல் அளக்கிற கணக்கில் இன்று உழக்கு, இன்று அரைப்படி என்று சொல்ல, அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் தருகிறார்கள். பழைய சோறு கேட்டதற்குக்கூட ரெண்டு வாய் தாராளமா சாப்புடுங்க, ஐயா கண்ணு வச்சா திரும்பி உக்காந்துக்குங்க என்றது. அன்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. சென்ற வாரம் மரக்கால் என்றாள். நேற்று அளவே சொல்லவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தை மாதம் உனக்கு விடுப்பு என்றாய். தை வரை இருப்பாளா என்று வாசலில் வைத்து அந்தப் பெண்ணைக் கேட்டேன். தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டே நின்றது. நமனை உதைத்த திருவடியை நாளும் பாடிய நாக்கு இது, தம்பி. வைத்தியநாதன் என்று பெயர் பூண்டவனின் சந்நிதியில் நின்று, பிழைக்கவை என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். கேட்டுப் பயனில்லை. நோவு மிகாமல் கொண்டுபோ என்று மட்டும் கேட்கிறேன், அதற்கும் விடை வரவில்லை.

உன்னிடம் சொன்னால் என்மேல் ஆணை என்று கையைப் பிடித்துச் சொன்னவள் அவள். நிலையத்தார் அவள் சொன்னபடி நடந்தார்கள். மருத்துவரிடம், நீங்களே தெரிவித்துவிடக் கூடாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவங்க வேணாம்னு சொன்னத நாங்க செய்ய மாட்டோம் ஐயா என்றுவிட்டார். அவர் சொன்னதுதான் முறை. எனினும் அவள் கண்மூடிய பின் உனக்குத் தந்தி போன்ற ஒரு செய்தியை அனுப்பிவிட்டு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எண்ணினேன். ஆணையை மீறுகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

எந்த மருத்துவமனைக்காவது கொண்டுபோகலாம் என்று எழுதாதே, அது அவளுக்கு வேண்டாம். வரும்போது அவளுக்கென்று எதுவும் வாங்கி வராதே, உண்ணும் நிலையில் இல்லை. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறவாதே. எல்லாம் வல்ல ஈசன் உன் வழியைக் காக்க.

மறவாமல் செய்ய வேண்டியது ஒன்று: கைப்பேசியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதே. நேரே வா. தானாகவே விடுப்புக் கிடைத்தது என்று அவளிடம் சொல். நம்பமாட்டாள். ஆனாலும் சொல்.

ஆசியுடன் உன் தந்தை,
அரியமுத்து.