அடுத்த மணியில் மனபாரம்

மார்ச் 4

அன்பு மொட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "ம்", "சரிக்கா" தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் மனநல ஆய்வுக்கு நீதான் முதல் சோதனை ஆள். உன் விடைகளைப் பார்ப்பேன் என்று சொல்லித்தான் சேர்த்தேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நாளுக்குப் பலமுறை போனில் எங்கள் கேள்வி மணி அடிக்கும்போதெல்லாம் தூக்கம், கவலை, மனபாரம் என்று எது எவ்வளவு என்று கேட்டாலும் நடுக்கட்டத்தையே தொட்டுவைத்திருக்கிறாய். நாங்கள் ஒவ்வொன்றையும் ஒரு வட்டமாகப் போடுகிறோம். இந்த மணியில் ஒன்று கூடினால் அடுத்த மணியில் எது கூடுகிறது என்று கணக்கிட்டு அம்பு வரைகிறோம். எதுவுமே ஏறி இறங்காவிட்டால் எதை வைத்து வரைவது? உன் படத்தில் வட்டங்கள் எல்லாம் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியே உட்கார்ந்திருக்கின்றன.

உன் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அவளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை நீ. எனக்குப் பயமாக இருக்கிறதடா. போனிடமாவது உண்மையைச் சொல்.

உன்
அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

என் நிலைமையையும் கேள். கண்ணாடிக் கடையில் நேற்று ஒரு பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது உன் மணி அலறியது.

"எடுங்க தம்பி, வீட்டம்மாவா இருக்கும்" என்றார்.

"எங்க அக்கா சார். மனசு எப்படி இருக்குன்னு கேக்குறா."

"எப்படி இருக்கு?" என்று அவரும் கேட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நடுக்கட்டத்தைத் தொட்டேன். வேறு என்ன செய்ய?

சரி, கோபப்படாதே. இனி உள்ளதை உள்ளபடி போடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

சொன்னபடி செய்திருக்கிறாய். உன் படம் வந்துவிட்டது.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இருப்பதிலேயே தடித்த அம்பு 'நெருங்கியவரிடம் பேசினேன்' என்ற வட்டத்தில் கிளம்பி 'மனபாரம்' என்ற வட்டத்தில் போய்க் குத்துகிறது. பேசினால் அடுத்த மணிக்குள் உனக்குப் பாரம் ஏறிவிடுகிறது. திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். மாறவில்லை. நீ பேசும் நெருங்கியவர் என்னை விட்டால் யார்?

நலம் விசாரிக்கிறேன் பேர்வழி என்று ஞாயிறுதோறும் உன்னைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இனி கூப்பிட மாட்டேன். கோபமெல்லாம் இல்லை. உனக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

அக்கா


மே 14

அக்கா,

உன் அம்பு பொய் சொல்லவில்லை. நீ போனை வைத்ததும் எனக்குப் பாரம் ஏறுவது நிஜம். ஏன் என்று உன் ஆய்வில் கேள்வி இல்லை. இருந்திருந்தாலும் வெட்கத்தில் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ வைத்ததும் நான் அழுகிறேன்.

அவளைக் கொண்டுபோன அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்ற உனக்குத் தெரியும். அதற்கப்புறமும் வரவில்லை. "சாப்பிட்டியா, தூங்குனியா" என்று நீ விடாமல் நச்சரிக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது. நீ போனை வைத்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுவேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு ஏதாவது ஒரு வேலை பார்ப்பேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வாசலில் கிடந்த அவள் செருப்பை உள்ளே எடுத்துவைத்தேன். அதுவரை தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வந்தேன்.

நீ கூப்பிடாத இந்த வாரங்களில் பாரம் குறைந்திருப்பதாகப் படம் காட்டும். குறைந்துதான் இருக்கிறது. சிரிப்பும் குறைந்திருக்கிறது, பசியும் குறைந்திருக்கிறது. மரத்துப்போன கைக்கு வலி தெரியாது, அந்த மாதிரி.

எனக்கு வலிக்கட்டும் அக்கா. இந்த ஞாயிறு கூப்பிடு. நான் இன்னும் அவளுக்காக அழுது முடிக்கவில்லை.

உன்
தம்பி